அப்பா போனதும் பேசிக்கலாம்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு வண்டலூர் பக்கம் போய்விட்டது. எட்டாம் வகுப்பு நோட்டு பாதி திருத்தவில்லை. மாவு தீர்ந்தது.

சாயங்காலம் இவரோடு ஜி.எஸ்.டி. ரோட்டு சூப்பர் மார்க்கெட். சோப்பு எடுக்கச் சொல்லி அனுப்பினேன். பருப்பு, எண்ணெய், பினாயில், மிளகாய்த்தூள் எல்லாம் நான் எடுத்து முடித்தும் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் சோப்பு அடுக்குக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"என்னங்க, எடுக்கலையா?"

"எதுன்னு நீ சொல்லலையே."

"ஏதாவது ஒண்ணு."

"அதான் கேக்கறேன். எது அந்த ஒண்ணு?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கடைசியில் நானே ஒன்றைத் தூக்கிக் கூடையில் போட்டேன். அப்பாடா என்று மூச்சு விட்டார். பனிமலையில் காவல் நின்ற மனுஷன்.

இவர் ராணுவத்திலிருந்து ரிடையராகி வந்தது ஏப்ரலில். இது ஐந்தாவது மாசம். கல்யாணமாகி இருபது வருஷம், அதில் சேர்ந்து இருந்தது கால்வாசி தேறினால் அதிகம். குவார்ட்டர்ஸ் கிடைத்த ஊர்களுக்கு என் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு நான் போகவில்லை. ஆக, இவரை எனக்கு லீவில்தான் தெரியும். லீவு இல்லாத செல்வராஜ் யார் என்று இப்போதுதான் பார்க்கிறேன். அறிவியல் டீச்சர் புத்தி, சும்மா இருக்க முடியவில்லை, குறித்து வைக்கத் தோன்றுகிறது.

இதுவரை பார்த்தது:

சாப்பாடு. தட்டு வைத்த சத்தம் கேட்டுத் திரும்பினால் தட்டு கழுவுகிற சத்தம்.

டீக்கடைக்குப் போனாலும் "போறேன்", வந்தால் "வந்துட்டேன்". வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும் சொல்கிறார் என்று மகள் தீபிகா சொல்கிறாள். அவள் பாத்ரூமில் இருந்து கேட்டாளாம்.

படுப்பது ஹாலில், வாசல் கதவுக்கு நேரே. ஏன் என்றால் "காத்து வருது" என்கிறார். வரவில்லை.

வீட்டுக்குள்ளும் சாக்ஸ். இந்த ஊர் வேர்வையில்!


ஆகஸ்ட் 6, புதன்

தீபிகாவுக்கு ரிசல்ட். மூணு பேப்பர் அரியர். போன செமஸ்டரில் ஒன்று ஏற்கெனவே நிற்கிறது, தாமதமாகி மே மாசம் வந்த ரிசல்ட் அது. பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். நான் வெளியே நின்று கதவைத் தட்டினேன்.

"அம்மா, ப்ளீஸ், அப்பாட்ட மட்டும் சொல்லாத."

"சொல்லல. முதல்ல குழாய மூடு."

காலேஜிலிருந்து மெசேஜ் வேறு. துறைத்தலைவர் பெற்றோரைப் பார்க்க வேண்டுமாம். 18ஆம் தேதி திங்கள், காலை பத்து. பள்ளியில் பெர்மிஷன் கேட்கணும்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. யார் போட்டது என்று தெரியாது, நானாகத்தான் இருக்கும். அவர் லீவில் வந்தால் சண்டை கிடையாது. கெட்ட செய்தி கிடையாது. மட்டன் உண்டு. தீபிகா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஏதாவது பிடிவாதம் பிடித்தால் காதோரம் சொல்வேன், "அப்பா போனதும் பேசிக்கலாம்." அவளும் கப்சிப் ஆகிவிடுவாள். மோட்டார் காயில் போனது, மேல் வீட்டுக்காரரோடு தகராறு, என் பித்தப்பை ஆபரேஷன், எல்லாம் அவர் ரயில் ஏறிய பிறகுதான் வீட்டுக்குள் நடக்கும். துப்பாக்கியோடு நிற்கிறவரைக் கூப்பிட்டுக் குழாய் ஒழுகுது என்றா சொல்வது? போனிலும் ஒரே வாசகம். எல்லாம் நல்லாருக்கு. அவரும் அதையே சொல்வார். எல்லாம் நல்லாருக்கு. வை.

சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்றார். டீ வேண்டும் போல என்று பாலை வைத்தேன்.

"நாளைக்கு என்ன?" என்றார்.

"வியாழக்கிழமை."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். தினம் இதே நேரம், இதே கேள்வி. நேற்று "செவ்வாய் முடிஞ்சா புதன்" என்று கிண்டல்கூடப் பண்ணினேன். எதற்குக் கேட்கிறார்?


ஆகஸ்ட் 8, வெள்ளி

மத்தியானம் நல்ல மழை. பள்ளிவிட்டு வரும்போது ரயில்வே கேட் பக்கம் முழங்கால் தண்ணீர். செருப்பு வார் அறுந்தது.

மணி அண்ணன் வந்திருந்தார். இவரோடு ஒரே யூனிட், இவருக்கு முன்பே வெளியே வந்தவர். இப்போது வண்டலூர் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி சூப்பர்வைசர். உள்ளே வரும்போதே சத்தம்.

"இன்னா சிஸ்டர், நம்ம ஆளு எப்டி கீறாரு? வூட்ட துடைச்சு துடைச்சு தேய்ச்சுட்டாரா?"

இவர் பஜ்ஜி வாங்கப் போன சமயம் பார்த்து அண்ணனிடம் கேட்டுவிட்டேன். தினம் சாயங்காலம் நாளைக்கு என்ன என்று கேட்கிறாரே, அது என்ன?

அண்ணன் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"அது ரோல் கால் சிஸ்டர். சாயங்காலமானா எல்லாரும் வரிசையா நிப்போம். நாளைக்கு யாருக்கு இன்னா வேலைன்னு படிப்பாங்க. கேட்டுகினு போய் படுத்தோம்னா தூக்கம் வரும். வெளிய வந்தப்புறம் நமக்கு எவன் படிக்கிறான்? நானும் வந்த புதுசுல லூசு மாதிரி சுத்திகினு இருந்தேன். எங்க ஊட்டுக்காரி செம பேஜாராயிட்டா."

நான் வியாழக்கிழமை என்று சொன்னதை நினைத்தேன். கஷ்டமாக இருந்தது.

அண்ணன் வந்த காரியம் வேறு. குஜராத்தில், கட்ச் பக்கம், காற்றாலை கம்பெனி ஒன்று. காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள், ராணுவத்தில் இருந்தவர்கள் மட்டும். பஜ்ஜியோடு வந்தவரிடம் சொன்னார். "பாலைவனம்தான் செல்வா. ஆனா படுக்க பேரக் கீது, துன்ன மெஸ் கீது, நம்ம பசங்க கீறாங்க. வருஷத்துக்கு ரெண்டு மாசம் லீவு. வர்ற பதினெட்டு காலைல கிண்டில இன்டர்வியூ. நீ வர்றியா இல்லியா, அத சொல்லு."

பேரக், மெஸ், லீவு. இவர் முகத்தைப் பார்த்தேன். ஐந்து மாசத்தில் அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. ஸ்டேஷனில் நம் பெட்டி எங்கே நிற்கும் என்று தெரிந்துவிட்டவர் முகம்.

"யோசிச்சு சொல்றேன்" என்றார்.

இதையும் எழுதிவிட வேண்டியதுதான். ரெண்டு மாசம் லீவு என்று காதில் விழுந்ததும் எனக்குள்ளும் ஏதோ லேசாயிற்று. பீரோவில் இவருக்குக் கொடுத்த பாதி திரும்பக் கிடைக்கும், ஹாலில் விளக்கைப் போட்டுக்கொண்டு நோட்டுத் திருத்தலாம், இப்படி. ஏன் அப்படி? வெட்கமாக இருந்தது. ஆனால் இருந்தது உண்மை.

பதினெட்டு. தீபிகா காலேஜுக்கு நான் போக வேண்டிய அதே திங்கள்.


ஆகஸ்ட் 10, ஞாயிறு

வெயில். துணி நன்றாகக் காய்ந்தது.

நேற்று சாயங்காலம் அவர் சமையலறை வாசலுக்கு வருமுன்னே நான் தயாராக இருந்தேன். கேள்வி வந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசித்தேன். "நாளைக்கு ஃபேன் எல்லாம் துடைக்கணும். கேஸ் புக் பண்ணணும். முருங்கைக்கீரை ஆயணும். மொட்டை மாடி டேங்க் பாக்கணும்."

நிமிர்ந்து நின்றார். "தீக் ஹை." சரியாம். நன்றாகத் தூங்கினார் என்று நினைக்கிறேன்.

காலையில் எழுந்து வந்தால் கேஸைத் தவிர நான் சொன்னது எல்லாம் முடிந்துவிட்டது. சொல்லாததும். மாடிப்படி கழுவியாயிற்று. கீழ் வீட்டு கஸ்தூரி அக்கா ஃபேனும் துடைத்தாயிற்று. கேஸ் புக் பண்ண போன் போதும் என்று நான் சொல்லவில்லை, ஏஜென்சிக்கே நடந்து போய் ஞாயிறு லீவு என்று போர்டைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கஸ்தூரி அக்கா வாயெல்லாம் பல். "மலரு, உங்க வீட்டுக்காரர வாரத்துல ஒரு நாள் எங்களுக்கு விடேன்."

டிபன் முடிந்ததும் சோபாவில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"இதெல்லாம் நான் இல்லாதப்ப யார் செஞ்சா?"

"நான்தான். சிலது தீபிகா."

"ம். அப்ப எனக்குன்னு எடுத்து வெச்ச வேலை."

கண்டுபிடித்துவிட்டார். பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பில் கொடுப்பது மாதிரி, விடை தெரிந்த சோதனை. காபி போடட்டுமா என்றேன். வேலை கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தது தப்பு. என்னதான் வேண்டும் இவருக்கு?


ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

சாயங்காலம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் பால் வாங்கப் போயிருந்தார். தீபிகா ஆரம்பித்தாள். திங்கட்கிழமை நான் காலேஜுக்கு வரக்கூடாதாம். வந்தால் எல்லாரும் பார்ப்பார்களாம். பிடிக்காத படிப்பில் நான்தான் தள்ளினேனாம். குரல் ஏறிக்கொண்டே போனது. எனக்கும் ஏறியது. ஆனால் வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்.

"கத்தாதடி. அப்பா போனதும் பேசிக்கலாம்."

தீபிகா என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

வாசலில் நின்றிருந்தார், கையில் பால் பாக்கெட். "வந்துட்டேன்" என்று சொல்ல வாயெடுத்திருப்பார் போல, பாதியில் நின்றிருந்தது.

பாலை ஃபிரிட்ஜில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"எப்ப போகணும்?" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சும்மா, தகவல் கேட்பது மாதிரி.

"ஐயோ, பழக்கத்துல வாய்ல வந்துடுச்சுங்க."

"தெரியும். பழக்கம்தான்."

வெளியே போனார். ஐந்து மாசத்தில் முதல் தடவையாக "போறேன்" என்று சொல்லாமல்.

தீபிகா மெதுவாக, "அம்மா, அப்பா எங்கயும் போகப் போறதில்லல்ல இனிமே? நீ ஏன் அப்படி சொன்ன?" என்று கேட்டாள். அவள் கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. ஐந்து மாசமாக இந்த வீட்டில் ஒரு நீண்ட லீவு நடந்துகொண்டிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் சட்டத்தை எடுக்கவே இல்லை.


ஆகஸ்ட் 13, புதன்

தூறல். யூனிட் டெஸ்ட் பேப்பர் தயாரிக்கணும். தலைவலி மாத்திரை வாங்கணும்.

காலையில் என் எதிரிலேயே மணி அண்ணனுக்குப் போன் போட்டார். "திங்கக்கிழமை வரேன். சர்டிபிகேட் எல்லாம் எடுத்து வெச்சுட்டேன்."

"போகப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"போனா எல்லாருக்கும் சௌகரியம்."

இந்த இடத்தில் ஒரு பெண்டாட்டி என்ன சொல்ல வேண்டும்? நான் சொன்னது, "வெள்ளைச் சட்டைய இஸ்திரி போட்டு வைக்கட்டுமா?" சட்டம் என் நாக்கில்தான் குடியிருக்கிறது.

"நானே போட்டுக்கறேன்."


ஆகஸ்ட் 15, வெள்ளி

அசோசியேஷனில் கொடியேற்றம். இரும்புலியூரில் எங்கள் தெருவில் மூன்று அபார்ட்மென்ட்டுக்கும் சேர்த்து ஒரே கொடிக்கம்பம், எங்கள் கேட்டுக்குள். இந்த வருஷம் இவரைத்தான் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினார். சல்யூட் வைத்தபோது என் கழுத்துக்குப் பின்னால் சிலிர்த்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அதோடு விட்டார்களா? செயலாளர் மைக்கைக் கையில் திணித்தார். "சார், சண்டை அனுபவம் ஒண்ணு சொல்லுங்க. எத்தனை பேர சுட்டீங்க? யங்ஸ்டர்ஸ் இன்ஸ்பயர் ஆகணும்."

இவர் மைக்கை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "மேல போஸ்ட்ல பாதி நாள் ஐஸை உருக்கித் தண்ணியாக்கறதுலயே போயிடும். மீதி நாள் அடுப்ப யார் அணைச்சதுன்னு எங்களுக்குள்ள சண்டை. ஜெய்ஹிந்த்."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்களுக்கு ஏமாற்றம். செயலாளர் அவசரமாக சாக்லேட் டப்பாவைத் திறந்தார். தீபிகா என் காதில், "அப்பா இப்ப ஜோக் அடிச்சாரா? அப்பாக்கு ஜோக் வருமா?" என்றாள். அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த ஜோக் எங்களுக்கு இல்லாமல் மைக்குக்குக் கிடைத்ததே என்று பொறாமையாக இருந்தது.

மத்தியானம் பெட்டியை எடுத்துத் துடைத்தார். அதில் அவர் பெயரும் நம்பரும் வெள்ளை பெயிண்டில். உள்ளே எட்டிப் பார்த்தேன். போர்வை, கொசுவலை, ஷேவிங் செட், சோப்பு டப்பா. ஏப்ரலில் வந்தபோது இருந்தது அப்படியே. பீரோவில் பாதி கொடுத்தேன், பாதியை அடைத்துக்கொண்டார் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாதியில் இரண்டு லுங்கி, நாலு சட்டை.


ஆகஸ்ட் 16, சனி

வீட்டில் சண்டை. பெரிய சண்டை. இன்னும் உடம்பு சூடாக இருக்கிறது.

மத்தியானம் அவர் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலர் மடிப்பில் தண்ணீர் தெளித்து, அவ்வளவு பொறுமையாக. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. இந்தப் பொறுமையோடு போய்விடுவார். நானும் இதே பொறுமையோடு ரயிலுக்குப் புளிசாதம் கட்டிக் கொடுப்பேன். அப்புறம் போனில், எல்லாம் நல்லாருக்கு.

"தீபிகாவுக்கு மூணு பேப்பர் அரியர்" என்றேன்.

இஸ்திரி நின்றது. "எப்ப?"

"போன வாரம். போன செமஸ்டர்ல ஒண்ணு. மொத்தம் நாலு."

"போன செமஸ்டர் ரிசல்ட் வந்தப்ப நான் இங்க இருந்தேன்."

"இருந்தீங்க."

"தினம் நான்தான அவள வண்டில காலேஜ் கேட் வரைக்கும் கொண்டு போய் விடறேன்?"

"விடறீங்க."

"பின்ன எங்கிட்ட ஏன் சொல்லல?" முதல் தடவையாகக் கத்தினார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. ஹாலில் இருக்கிற குரல் இல்லை, மைதானத்துக் குரல். தீபிகா ஓடி வந்தாள்.

பிறகு வரிசை இல்லாமல் எல்லாம் வந்தது. நான் சொல்லாதவை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன், ஆபரேஷன், மேல் வீட்டுத் தகராறு, காரை பெயர்ந்த சுவர். நான் போடப் போட அவருக்கு ஏறியது. "வீடாடி இது? விருந்தாளி மாதிரி வெச்சிருந்தீங்க என்னை!"

"விருந்தாளியாத்தான வந்தீங்க! நீங்க மட்டும் சொன்னீங்களா? கால் விரல் எங்கன்னு கேட்டதுக்கு என்ன சொன்னீங்க? ஐஸ் கடிச்சுடுச்சுன்னு சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். பைத்தியக்காரி மாதிரி சிரிச்சேன்!"

இது இரண்டு வருஷத்துக்கு முந்திய லீவு. இடது காலில் கடைசி இரண்டு விரல் இல்லாமல் வந்தார். அன்றிலிருந்து சாக்ஸ். லீவில் இருக்கிறவரிடம் தோண்டிக் கேட்கக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து காலிங் பெல். கஸ்தூரி அக்கா. "மலரு, என்னாச்சு? யாருக்காவது உடம்பு...?"

"ஒண்ணுமில்லக்கா" என்று மூணு பேரும் ஒரே குரலில் சொன்னோம். அதில் மட்டும் எங்கள் வீட்டுக்கு நல்ல பயிற்சி.

கதவைச் சாத்திவிட்டு வந்தால் அவர் தரையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். காலை நீட்டினார். தீபிகா பார்த்ததே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ரோந்து போயிட்டு வரப்ப புயல்ல மாட்டிட்டோம்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "கால் மரத்துடுச்சு, நடக்க முடியல. தேவேந்தர்னு ஒரு பையன், என் செக்ஷன். என் பூட்ஸ கழட்டி, என் கால அவன் சட்டைக்குள்ள, வயித்து மேல வெச்சுக்கிட்டு ராத்திரி பூரா உக்காந்திருந்தான். ரெண்டு விரலோட போச்சு. நாலு நாள் கழிச்சு அதே வழில பனி சரிஞ்சு அவன் போயிட்டான். நான் டென்ட்ல கட்டுப் போட்டுப் படுத்திருந்தேன்."

தீபிகா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்குத்தான் உனக்குப் போன் போட லைன் கிடைச்சுது. சொல்லலாம்னுதான் எடுத்தேன். நீ எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டு, குளிர்ல மாவு புளிக்கவே மாட்டேங்குது, ரெண்டு நாளா தோசை வரலன்னு சொன்ன. கேட்டுக்கிட்டே இருந்தேன். நல்லாருந்துச்சு கேக்க. சொல்லத் தோணல."

எனக்கு அந்தப் போன் ஞாபகமே இல்லை. எத்தனையோ மாவு, எத்தனையோ போன்.

அழுகை வந்தது. ஆனால் கோபம் போகவில்லை, அதுதான் ஆச்சரியம். மூக்கைச் சிந்திவிட்டு, "திங்கட்கிழமை பத்து மணிக்கு இவ காலேஜ்ல வரச் சொல்லியிருக்காங்க. நான் போறேன். நீங்க உங்க கட்சுக்குப் போங்க" என்றேன்.

"போறேன்" என்றார். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சாக்ஸ் ஹாலில் கிடக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

குறிப்பு: கோபம் வந்தால் அவருக்குக் காது மடல் சிவக்கிறது. இருபது வருஷத்தில் இன்றைக்குத்தான் பார்த்தேன்.


ஆகஸ்ட் 17, ஞாயிறு

மேகமூட்டம். மட்டன் எடுக்கவில்லை. ரசம், அப்பளம்.

நாங்கள் ரெண்டு பேரும் பேசவில்லை. தீபிகா மூலமாகத்தான் போக்குவரத்து. "அம்மாகிட்ட உப்பு கேளு." "அப்பாகிட்ட அங்க இருக்குன்னு சொல்லு." அவள் நடுவில் நின்று, "நீங்க ரெண்டு பேரும் சீரியஸாவா பண்றீங்க?" என்றாள்.

அவர் இன்று மெதுவாகச் சாப்பிட்டார். கோபத்தில் மெல்லுகிறார். சுவாரசியமாக இருந்தது, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் தீபிகா என் பக்கத்தில் வந்து படுத்தாள்.

"அப்பா போயிடுவாரா?"

"தெரியல."

"போக வேணாம்னு நீ சொன்னியா?"

"நீ சொன்னியா?"

இரண்டு பேரும் சொல்லவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம்.

எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே நான் ஒழுங்காகக் கேட்டுப் பார்த்தேன். போகக் கூடாது. பாவம் என்பதற்காக இல்லை. நேற்றுத்தான் முதல் தடவை அவரோடு சண்டை போட்டேன், அது பாதியில் நிற்கிறது. ஐஸ் மலையில் அந்தப் பையனைப் பற்றிக் கேட்க எனக்கு ஆயிரம் கேள்வி இருக்கிறது. காரை பெயர்ந்த சுவருக்கு யார் காரணம் என்பதில் நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. இதையெல்லாம் வருஷத்துக்கு ரெண்டு மாசத்தில் முடிக்க முடியாது.

ஹாலுக்குப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வெள்ளைச் சட்டை ஹாங்கரில், பக்கத்தில் பெட்டி, பெட்டி மேல் சர்டிபிகேட் ஃபைல்.

"போகாதீங்க" என்று சொன்னேன்.

அசையவில்லை. தூங்குகிறாரா, தூங்குகிற மாதிரி இருக்கிறாரா? இதைக்கூட எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. குக்கர் விசில் வந்தது, போய்விட்டேன்.


ஆகஸ்ட் 18, திங்கள்

ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் கணக்கு டீச்சர் தேர்வுத்தாள் அடுக்குகிறார், என்ன எழுதுகிறேன் என்று பார்க்கிறார். எழுத்து கோணல்.

காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் கிளம்பிவிட்டார். வெள்ளைச் சட்டை இல்லை. ஃபைல் இல்லை. பெட்டி அங்கேயே. இன்டர்வியூவுக்கு யார் பெட்டியோடு போவார்கள், அதில் என்ன ஆறுதல்? தீபிகாவும் பஸ்ஸில் போய்விட்டாள், அவளை வண்டியில் கொண்டு விடவில்லை. எனக்கு இட்லி இறங்கவில்லை.

முதல் பீரியட் எடுத்துவிட்டு, தலைமையாசிரியையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு காலேஜுக்குக் கிளம்பப் பையை எடுத்தேன். போன். மணி அண்ணன்.

"சிஸ்டர், ஆளு எங்க? நான் கிண்டில நின்னுகினு கீறேன். உள்ள பேர கூப்ட ஆரமிச்சிட்டாங்க. போன் அடிச்சா எடுக்க மாட்டேன்றாரு."

"காலைலயே கிளம்பிட்டாரே அண்ணா."

"இங்க வர்லியே சிஸ்டர்."

பையைக் கீழே வைத்தேன். வண்டியில் போனவர். ஜி.எஸ்.டி. ரோடு. நேற்று எதற்கு அப்படி மெதுவாக மென்றார்? கண்டபடி ஓடுகிறது மனசு. அவர் நம்பரைப் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். பிஸி. கணக்கு டீச்சர் தண்ணீர் கொடுத்தார்.

அப்புறம் அவரே கூப்பிட்டார்.

"மலர், இவ என்ன டிபார்ட்மென்ட்?"

"யாரு? எங்க இருக்கீங்க நீங்க?"

"காலேஜ்ல. கேட் வரைக்கும்தான எனக்குத் தெரியும். எந்த டிபார்ட்மென்ட்டுன்னு கேட்டுதான் உள்ள விடறான். அவளுக்கு அடிச்சா எடுக்க மாட்டேங்கறா."

"மணி அண்ணன் அங்க கிண்டில உங்களத் தேடிட்டு..."

"தேடட்டும். உன் மேல கோபம் இன்னும் போகல. அது வேற, வீட்டுக்கு வந்து பேசிக்கறேன். இப்ப சொல்லு, பின்னாடி ஆள் நிக்கறாங்க."

கணக்கு டீச்சர் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டேன்.

"பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி. ரெண்டாவது வருஷம், பி செக்ஷன்."

"மெதுவா சொல்லு" என்றார். "எழுதிக்கறேன்."